முழுவியளத்துக்கு நிற்காதவள்

பஸ்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பார்ப்பது என் வேலை. கிழக்கு லண்டனில் ஒரு பஸ் கராஜின் மேல்மாடியில், ஜன்னல் இல்லாத அறைக்குள், திரையைப் பார்த்தபடி இருப்பேன். ஒரு வழித்தடத்து பஸ்கள் எல்லாம் அதில் சின்னச் சின்னக் கட்டங்களாக ஊர்ந்துகொண்டிருக்கும். இரண்டு கட்டங்கள் நெருங்கினால் பின்னால் வருகிற சாரதியை ரேடியோவில் கூப்பிட்டு, அடுத்த தரிப்பில் கொஞ்சம் நின்று போகச் சொல்வேன். பஸ்ஸுக்குள் இருப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள். அப்படி நிறுத்தாமல் விட்டால், மழையில் நெடுநேரம் காத்திருந்துவிட்டு மூன்று பஸ்களை ஒன்றாகக் காண்பவர்கள் திட்டுவார்கள். எப்படியும் திட்டு நிச்சயம் என்பதால், சரியென்று பட்டதைச் செய்துவிட்டு வாங்கிக்கொள்வது என் பழக்கம்.

தம்பியின் தொழில் இதற்கு நேரெதிர். அவன் அமெரிக்காவில் ரேஸ் கார் ஓட்டினான். ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய, நான்கு சக்கரங்களும் உடம்பை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கார். அந்த நாட்டில் அதை முட்டை வடிவப் பாதையில் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி ஓட்டுவார்கள். ஓவல் என்று பெயர். க்ரீன் ஸ்ட்ரீட்டில் நான் மரக்கறி வாங்கும் கடைக்காரப் பெண் முருங்கைக்காயை நிறுத்தபடியே கேட்பாள்: "தம்பி இன்னும் உந்த வட்டத்துக்குள்ளைதான் ஓடுறாரோ? ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் காணுமாமே. அப்பிடியெண்டால் என்ரை மனுசனும் ஓடுவார்." நானும் ஒரு காலத்தில் அதையே சொல்லி அவனைக் கேலி செய்தவள். ஆகவே சிரித்துவிட்டு வருவேன்.

அவன் என்னைவிடப் பத்து வயது இளையவன். அப்பா அவன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா மனோர் பார்க் வீட்டில் இருந்து துணி தைத்தார், நான் வேலைக்குப் போனேன், அவன் படிக்காமல் கோ-கார்ட் ஓட்டினான். அவனை இந்த வழியில் தள்ளிவிட்டது நான்தான் என்று சொந்தக்காரர் சொல்வார்கள். நான் தள்ளவில்லை. அவன் ஓடினான், நான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போனேன், அவ்வளவுதான்.

அம்மா இறந்தபோது வந்தவன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை நின்றான். எல்லோரும் போய் வீடு வெறிச்சென்று ஆனபின், சமையலறை மேசையில் அம்மாவின் தையல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் இருந்தோம். இனி எந்த ஓவலில் ஓடப்போகிறாய் என்று கேட்டேன். சொன்னான். அது மற்றவை போல இல்லை, பாதை மிகவும் சரிந்திருக்கும் என்றான்.

"சரிவு இருந்தால் நல்லதுதானே? கார் வழுக்காது."

"அதுதான் அக்கா பிரச்சினை."

தட்டையான பாதையென்றால் வளைவு வரும்போது வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அங்கே கெட்டிக்காரன் முன்னால் போவான், மற்றவன் பின்தங்குவான், கார்கள் தானாகவே பிரிந்துவிடும். பாதையைக் கிண்ணத்தின் உட்பக்கம் போல உயர்த்திக் கட்டிவிட்டால், வளைவு காரைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். யாரும் அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கத் தேவையில்லை. எல்லோரிடமும் ஏறத்தாழ ஒரே பலமுள்ள எஞ்சின். முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் வருகிறவன் சுலபமாக அவனைப் பிடித்துவிடுவான். ஒருவராலும் ஓடித் தப்ப முடியாது, ஒருவரும் பின்தங்கவும் மாட்டார்கள். கடைசியில் எல்லாக் கார்களும் ஒரே கூட்டமாக, பக்கத்துக்குப் பக்கம், மூக்குக்கு வால், முழு வேகத்தில் மணிக்கணக்காகப் போய்க்கொண்டிருக்கும்.

பெட்டியிலிருந்து இரண்டு நூல்கட்டைகளை எடுத்தான். ஒன்றை விரலால் சுழற்றியபடி மற்றதை அதன் பின்னால் உருட்டிக்கொண்டு வந்து முட்டவிட்டான். பின்னால் வந்த கட்டை முன்கட்டையின் மேல் ஏறித் துள்ளி மேசையை விட்டு விழுந்தது. சுழலும் சக்கரத்தில் சுழலும் சக்கரம் பட்டால் இப்படித்தான், மூடிய கார்கள் உரசிக்கொண்டு போய்விடும், எங்கள் கார் பறக்கும் என்றான். தலைக்கு முன்னால் இப்போது கண்ணாடித் தடுப்பு வைத்திருக்கிறார்கள், சுவர்களுக்கு அமுங்கிக் கொடுக்கிற தடுப்புப் போட்டிருக்கிறார்கள், எல்லாம் நல்லதுதான் என்றான். ஆனால் சுவருக்கு மேலே இருப்பது கம்பி வேலி. பார்க்க வந்தவர்களைக் காப்பாற்றக் கட்டியது. அது அவர்களைக் காப்பாற்றும்.

நான் கீழே விழுந்த நூல்கட்டையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அவன், தனக்கு ஒரு குரல் வேண்டும் என்று ஆரம்பித்தான்.

அந்தக் கூட்டத்துக்குள் ஓடுகிறவனுக்கு முன்பக்கம் மட்டுமே தெரியும். கழுத்தை இறுக்கிக் கட்டியிருப்பார்கள், கண்ணாடியில் அதிர்கிற நிறங்களைத் தவிர ஒன்றும் தெரியாது. அதனால் பார்வையாளர் மேடையின் கூரையில் ஒவ்வொரு அணிக்கும் ஒருவர் நின்று, எந்தப் பக்கம் கார் இருக்கிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஸ்பொட்டர் என்று பெயர். அவனுடைய ஸ்பொட்டர் வேறு அணிக்குப் போய்விட்டார்.

"உங்கட வேலையே ரேடியோவிலை கதைக்கிறதுதானே அக்கா. நீங்கள் வாங்கோ."

"எனக்கு ரேஸ் தெரியாதடா."

"ரேஸ் தெரியத் தேவையில்லை. எங்கை கார் நிக்குது எண்டு மட்டும் சொன்னால் காணும். தமிழிலை சொல்லுங்கோ. மற்ற ரீம்காரர் எல்லாம் ஒட்டுக்கேக்கிறவங்கள்."

மணமுறிவுக்குப் பிறகு நான் அம்மாவோடு அந்த வீட்டில் இருந்தவள். அம்மாவும் போனபின் மாலையில் கதவைத் திறந்து உள்ளே வந்தால், காலையில் வைத்த கோப்பை வைத்த இடத்தில் இருக்கும். யாரோ ஒருவருக்கு என் குரல் வேண்டியிருக்கிறது என்பதைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. சம்மதித்தேன்.

குளிர்காலம் முழுவதும் முன்னறையில் பழகினோம். அம்மாவின் சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு, ஸ்டியரிங்கும் இருக்கையும் பெரிய திரையுமாக ஒரு சிமுலேட்டரைப் பொருத்தினான். நான் பின்னால் நின்று, மேலிருந்து பார்க்கிற படத்தை இன்னொரு திரையில் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும். உட்பக்கம் கார் என்றால் "உள்". வெளிப்பக்கம் என்றால் "வெளி". இரண்டு பக்கமும் என்றால் "நடு". இடம் கிடைத்துவிட்டால் "போ" என்று சொல்லச் சொன்னான். மாட்டேன் என்றுவிட்டேன். வீட்டை விட்டு இறங்குகிறவனைப் பார்த்து எங்கள் வீட்டில் யாரும் போ என்று சொன்னதில்லை. கடைசியில் "வா" என்று முடிவாயிற்று. ஒட்டுக்கேட்ட மற்ற அணிக்காரர், வா வா என்று ஒரு பெண் ரேஸ் முழுக்க என்ன சொல்கிறாள் என்று நினைத்தார்களோ.

இருப்பதை மட்டும் சொல்வது என்பது விதி. கவனம், பயம், முருகா, இவை எதுவும் வாயில் வரக்கூடாது. கராஜிலும் அப்படித்தான். சாரதிக்கு வேண்டியது என் மனநிலை அல்ல.

லீவுகளைச் சேர்த்து வைத்துப் போனேன். முதலில் தட்டையான ஓவல்கள். நன்றாகவே செய்தோம். பிறகு அந்தச் சரிந்த ஓவல். வெயில் கொளுத்தும் ஒரு பிற்பகலில் கூரையில் மற்ற ஸ்பொட்டர்களோடு தோளுரச நின்று கீழே பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் எதைப் பிரித்துக்கொண்டிருக்கிறேனோ, அது அங்கே வேண்டுமென்றே ஒட்டிக்கொண்டு ஓடியது. பின்னால் வருகிறவனை நிறுத்து என்று என் வாய் துடித்தது. ஆனால் கூட்டத்துக்குள் ஒருவன் மட்டும் பயந்து காலை எடுத்தால் பின்னால் வருகிறவன் அவன் மேல் ஏறிவிடுவான். அங்கே பயப்படுவதுகூட ஆபத்து. பயப்பட வேண்டியவன் முன்னமே பயந்து, கூட்டத்துக்குள் போகாமல் இருந்திருக்க வேண்டும்.

"நடு. நடு. நடு. உள். இன்னும் உள். வா." மூச்சுவிட நேரமில்லை.

பாதித் தூரம் தாண்டியிருக்கும். முன்வரிசையில் இரண்டு சக்கரங்கள் தொட்டன. ஒரு கார் எழும்பியது. நூல்கட்டை எழும்பிய அதே விதம். அதன் பின்னால் எல்லாம் புகை. பாதையே தெரியவில்லை. தம்பி அந்தப் புகைக்கு நேரே போய்க்கொண்டிருந்தான். காதில் அவனுடைய குரல் கேட்டது. "அக்கா?" அவ்வளவுதான் கேட்டான்.

"கீழை," என்றேன்.

அவன் கீழ்ப்பக்கமாக இறங்கி, புகைக்கு வெளியே முழுதாக வந்தான். மேல்பக்கம் போனவர்கள் மோதினார்கள். எழும்பிய கார் வேலியில் அடித்துக் கிழிந்து விழுந்தது. அதற்குள் இருந்தவர் உயிர் தப்பினார், பிறகு கார் ஓட்டவில்லை. ரேஸை நிறுத்திவிட்டு ஆட்கள் ஏணிகளோடு வந்து வேலியை இழுத்துக் கட்டினார்கள். கட்டி முடிந்ததும் திரும்பவும் ஓடச் சொன்னார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரேடியோவைக் கீழே எறிந்திருப்பேன். தம்பி ஓடிக்கொண்டிருந்ததால் எறியவில்லை.

அன்று மாலை அவனிடம் உள்ளதைச் சொன்னேன்.

"நான் ஒண்டையும் காணேல்லை தம்பி. புகைதான் தெரிஞ்சது. வாயிலை வந்ததைச் சொன்னனான்."

"சும்மா சொல்லாதேங்கோ."

"சத்தியமாக் காணேல்லை."

கொஞ்சம் யோசித்தான். முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப உங்கட வாய் ராசி அக்கா."

அமெரிக்காவில் எஞ்சினியர்களோடு வாழ்கிறவன், காற்றையும் டயரின் சூட்டையும் அளந்து பார்க்கிறவன், கடைசியில் வந்து நின்றது அதில்தான். லண்டனுக்கு வந்தபோது சர்ச் ரோட்டுக் கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி அடுத்த வாரமே கதவைத் தட்டினார். மகளுக்கு டிரைவிங் டெஸ்டாம். "நீங்கள் ஒருக்கா முழுவியளத்துக்கு வந்து நிக்கவேணும்."

ஒரு காரியமாக வீட்டை விட்டு வெளிக்கிடுகிறவருக்கு எதிரே முதலில் வருகிற ஆள்தான் முழுவியளம். ஆள் நல்லதென்றால் காரியம் நல்லதாக முடியும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிட்டபோது நாங்கள் எதையெதையோ விட்டுவிட்டு வந்தோம், இதை விடவில்லை. நிறைகுடம் போன்ற சுமங்கலிகளைத்தான் கூப்பிடுவார்கள். புருஷனை விட்டு வந்தவளை ஒருவரும் கூப்பிட்டதில்லை. சொந்தக்காரர் வீட்டில் யாரும் நல்ல காரியத்துக்கு இறங்குகிற நேரத்தில் நானே சமையலறைக்குள் ஒதுங்கிக்கொள்ளப் பழகியிருந்தேன். அதனால் இதில் நம்பிக்கை இல்லாத நான், ஓமென்று சொல்லி, நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். அந்தப் பிள்ளை பாஸ் பண்ணிவிட்டாள். நன்றாக ஓட்டியிருப்பாள். இருந்தாலும் நான் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அந்தச் சந்தோஷம் எனக்கு எவ்வளவு நாள் நீடித்திருக்குமோ தெரியாது. அடுத்த ஞாயிறு பின்னேரமே தம்பி அதை முடித்து வைத்தான். சரிந்த ஓவல் திரும்பவும் வரப்போகிறது என்று முன்னறையில் பழகிக்கொண்டிருந்தோம். திரையில் இரண்டு கார்களுக்கு நடுவே, ஒன்று நுழையுமா நுழையாதா என்று நினைக்கத்தக்க ஓர் இடைவெளி. நான் வாய் திறக்கவில்லை. அவன் நுழைந்துவிட்டான்.

"நான் இன்னும் வா எண்டு சொல்லேல்லை."

"தெரியும்."

"பிறகேன் பூந்தனி?"

"நீங்கள் இருக்கிறியள்தானே அக்கா," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதன்பிறகு கவனித்தேன். முந்தின வருஷம் காத்திருந்த இடங்களில் இப்போது காத்திருக்கவில்லை. நான் காத்துக் கொடுத்த பாதுகாப்பை அவன் எடுத்து இன்னும் குறுகலான இடைவெளிகளில் செலவழித்துக்கொண்டிருந்தான். கூரையில் நின்று அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நான் நினைத்தது தவறு. நான் நிற்பதனால்தான் அவன் சாகப்போகிறான்.

ஹெட்செட்டைக் கழற்றி சோபாவில் வைத்தேன்.

"இந்த முறை நான் வரேல்லை."

"ஏன், லீவு தரமாட்டினமோ?"

"லீவு கிடக்கு. நான் வரேல்லை. உன்ரை பயத்தை நான் எடுத்து வைச்சிருக்கிறன் போல கிடக்கு. அது உன்னட்டை இருக்கவேணும்."

"நீங்கள் வராட்டிலும் நான் ஓடுவன். வேறை ஆளைப் போடுவினம்."

"போடட்டும்."

"எனக்கு என்னவும் நடந்தால்?"

அப்படி ஒரு சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. என் வாயை அடைப்பதற்கென்றே சொன்னான். பதில் சொன்னால் அழுதிருப்பேன், அழுதால் போயிருப்பேன்.

அவன் புறப்பட்ட காலையில் நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன், இடியப்பம் அவித்துக் கொடுத்தேன். எலிசபெத் லைனில் ஹீத்ரோவுக்குப் போவதற்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். கதவு திறந்திருந்தது. நான் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒருக்கா முன்னுக்கு வாங்கோ."

தண்ணீரை மூடவில்லை.

"அக்கா. முழுவியளத்துக்கு வந்து நில்லுங்கோ. நேரம் போகுது."

சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நாலடி நடந்து போய் அவன் எதிரே நின்றிருந்தால் போதும். என் வாழ்க்கையில் அதைக் கேட்டு அழைத்தவர்கள் மிகக் கொஞ்சம், அவர்களில் ஒருவன் என் தம்பி. நான் கழுவின கோப்பையைத் திரும்பவும் கழுவினேன். அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். வாசலில் சப்பாத்து அசையும் சத்தம் கேட்டது. "போயிட்டு வாறன்," என்றான். "ஓம்," என்றேன், முதுகைக் காட்டிக்கொண்டு. பிறகு கதவு மூடிக்கொண்டது.

ரேஸ் அன்று இங்கே மாலை. முன்னறையில் தனியே இருந்து பார்த்தேன். அவன் காதில் இருப்பது வேறொருவர் குரல், அவர் என்ன சொல்கிறார் என்றுகூட எனக்குக் கேட்காது. கொடி விழுந்தது. கார்கள் ஒரே கூட்டமாக முதல் வளைவுக்குள் சரிந்து ஏறின. என் உதடுகள் தன்பாட்டில் அசைந்துகொண்டிருந்தன. உள், வெளி, நடு.

கொஞ்ச நேரத்தில் அவனுடைய காரைக் காணவில்லை. பதறிப்போய்த் திரைக்குக் கிட்டப் போனேன். காமெரா பின்னால் திரும்பியபோது கண்டேன். அவன் கூட்டத்தை விட்டு மெல்ல மெல்லப் பின்வாங்கி, வெகுதூரம் பின்னால், தனியே ஓடிக்கொண்டிருந்தான். முன்னாலும் ஒருவருமில்லை, பின்னாலும் ஒருவருமில்லை. வர்ணனை செய்கிறவர்கள் அவனுடைய காரில் ஏதோ பழுது என்றார்கள். பிறகு பழுது காரில் இல்லை என்று சொல்லிச் சிரித்தார்கள். சிரியுங்கள் என்று நான் திரைக்குச் சொன்னேன். நன்றாகச் சிரியுங்கள். அம்மாவின் சோபாவில் விழுந்து, அம்மாவின் செத்தவீட்டில்கூட அழாத அழுகையை அழுதேன். அது முழுக்க முழுக்கச் சந்தோஷம்.

ஆனால் அன்று ஒரு விபத்தும் நடக்கவில்லை. கூட்டத்துக்குள் ஒருவர்கூட ஒருவரைத் தொடவில்லை. எல்லோரும் பத்திரமாக ஓடி முடித்தார்கள். அவன் கடைசியாக வந்தான்.

கொஞ்சம் கழித்துத் தொலைபேசியில் வந்தான்.

"பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

"இண்டைக்கு ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை அக்கா."

"ஓம்."

"நான் மட்டும்தான் பயந்தனான். கதவடியிலை நீங்கள் வந்து நிக்காததுதான் முழு நேரமும் மண்டைக்குள்ளை கிடந்தது. காலை அமத்த ஏலாமல் போச்சு."

ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"அதுக்காகத்தான் நிக்கேல்லை," என்றேன்.

அவன் தொலைபேசியை வைத்துவிட்டான்.

அடுத்த வருஷம் அவனுக்கு யாரும் கார் கொடுக்கவில்லை. பயந்தவன் என்று ஒருமுறை பெயர் வந்தால் அந்த உலகத்தில் அவ்வளவுதான். அங்கேயே எங்கோ புதிதாக வருகிறவர்களுக்கு ஓட்டப் பழக்குகிறான் என்று அறிந்தேன். நான் அழைத்தால் அவன் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் பார்த்த அடையாளம் வரும், பதில் வராது. நடக்காத விபத்தை நான் எப்படி அவனுக்குக் காட்டுவேன். அன்று யாராவது மோதியிருந்தால் அவன் எனக்கு நன்றி சொல்லியிருப்பான். யாரும் மோதவில்லையே என்று கவலைப்படுகிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை. அதே வாசலில் நின்று அவன் திரும்பக் கூப்பிட்டாலும், நான் கோப்பைதான் கழுவுவேன்.

போன மாதம் கனடாவிலிருந்து சித்தியின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளுக்கு எங்களுக்குள் இருப்பது தெரியாது.

"தம்பி ரெஜிஸ்டர் பண்ணிக் கலியாணம் எழுதிப்போட்டான் என்ன? படம் அனுப்பினவன். நல்ல வடிவான சோடி. ஆள் கொஞ்சம் உடம்பு வைச்சிட்டான். உங்களுக்கும் வந்திருக்கும்தானே?"

"ஓம், வந்தது," என்றேன்.

"நீங்கள் போகேல்லையோ?"

"லீவு கிடைக்கேல்லை."

அவள் வேறு கதைகளுக்குப் போனாள். நான் அவளை இடைமறித்து, அவன் எப்படி உடம்பு வைத்திருக்கிறான், முகத்திலா வயிற்றிலா என்று கேட்டேன். படம் உங்களிடமும் இருக்கிறதே என்று அவள் சிரித்தாள். இருந்தாலும் சொல், என்றேன்.